மையத்தின் சென்டிமீட்டர்

இப்போதெல்லாம் ஜனங்களுக்குக் கண்ணால் பார்ப்பது போதவில்லை. வானம் இருட்டி, மூக்கின் மேல் சொட்டு விழுந்த பிறகும், ரேடியோவில் மழை என்று சொன்னானா என்று டீக்கடையில் விசாரிக்கிறார்கள். ஏகநாதன் முப்பத்தோரு வருஷம் கை பம்பு ரிப்பேர் பார்த்தவர். முன்பெல்லாம் பம்பில் தண்ணீர் வரவில்லை என்றால் மாடம்பாக்கத்துப் பெண்கள் குடத்தோடு அவர் வாசலுக்கே வந்து நின்று திட்டுவார்கள். அவரும் பதிலுக்குத் திட்டிவிட்டு, குழாய் திருகுகிற பைப் ரிஞ்சைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வாஷரை மாற்றிவிட்டு வருவார். இப்போது மனு எழுதுகிறார்கள். 'தங்கள் பம்பில் தண்ணீர் வருவதாக எங்கள் பதிவேட்டில் உள்ளது' என்று பதில் வருகிறது. அதைப் படித்துவிட்டு, காலிக் குடத்தோடு, சரி போலிருக்கிறது என்று வீட்டுக்குப் போகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாம் வகுப்பு தாண்டாத மனுஷர். எந்தப் பதிவேட்டையும் நம்பினதில்லை. அப்படிப்பட்ட பதிவேடு ஒன்று தன் வீட்டுக்குள்ளேயே வந்து சம்மணம் போட்டு உட்காரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது வந்தது. பேத்தி பட்டுவின் தலை வழியாக வந்தது.

நான்கு மாதக் குழந்தை. உடம்பு வளராமல் தலை மட்டும் வளர்ந்தது. நெற்றி பளபளவென்று இழுத்துக்கொண்டு, பச்சை நரம்பெல்லாம் தெரிந்தது. தாம்பரத்தில் பார்த்த டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். தலைக்குள் ஊறுகிற நீர் வடியும் வழி அடைத்திருக்கிறது. உள்ளே ஒரு மெல்லிய டியூபை வைத்து, தோலுக்கடியிலேயே வயிறு வரைக்கும் இறக்கிவிட்டால் வடிந்துவிடும். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள். ரொம்பத் தாமதித்தால் கண் போகும், அப்புறம் எல்லாமே போகும்.

ஏகநாதனுக்கு உடனே விளங்கிவிட்டது. அடைப்பு இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு குழாய் விட வேண்டும். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலைதான்.

அவர் மகன் ரவிக்கு வேறு விதமாக விளங்கியது. திருமுடிவாக்கத்துப் பட்டறையில் இரும்புத் துண்டுகளை நாள் முழுக்க டிரில் போடுகிறவன் அவன். "மண்டையில ஓட்டை போடுவாங்கோ நைனா. டிரில் இன்னா செய்யும்னு எனக்குத் தெரியும்" என்று மூலையில் உட்கார்ந்து அழுதான். அந்த வாரமே பேப்பரில் ஒரு செய்தியைக் கத்தரித்துக்கொண்டு வந்து நின்றான். 'தலைநீருக்குக் கத்தி வேண்டாம். பதினேழாம் நம்பர் மருந்து. தென்மண்டலத் தலைநீர் மருந்தாய்வு மையத்தின் சாதனை.'

அந்த மையம் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே போனால் வந்தது. வாசலில் ஒரு காவலாளி ஒவ்வொருவர் பையையும் கிளறிக்கொண்டிருந்தான். அவர்களுக்கு முன்னால் சேலையூர் லோகநாதன், டெய்லர், வாயில் பால் வடிகிற ஒரு பெரிய தலைப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். அவன் கழுத்தில் டேப்பு தொங்கியது. காவலாளி அதை உருவிக்கொண்டு ஒரு டோக்கனைக் கொடுத்தான்.

"ஏம்ப்பா, டேப்பு இன்னா கத்தியா?" என்றார் ஏகநாதன்.

"ரூல் நம்பர் நாலு. உள்ள ஒரே டேப்புதான். வேற எந்த அளவும் உள்ள போவக்கூடாது."

லோகநாதன் திரும்பிப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான். "அவ்ளோ சுத்தம் பெரியவரே இங்க."

உள்ளே இயக்குநர் டாக்டர் கஸ்தூரிரங்கன் அவர்களை அன்பாகத்தான் வரவேற்றார். அவர் பேசும்போது கேட்பவர் நாற்காலியைப் பார்க்காமல் அதற்குப் பின்னால் இருக்கும் நாற்பது நாற்காலிகளைப் பார்ப்பார். பக்கத்தில் புள்ளிவிவர அதிகாரி வேதசிரோமணி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தலைக்குள் நீர் ஊறும் வேகத்தைப் பதினேழாம் நம்பர் குறைக்கிறது. நாற்பது குழந்தைகள். பாதிக் குழந்தைகளுக்கு மருந்து. பாதிக் குழந்தைகளுக்கு அதே நிறத்தில் சர்க்கரைத் தண்ணீர்."

"எங்க பட்டுக்கு எது?" என்றாள் மருமகள் அங்காளம்மாள்.

"அது எனக்குத் தெரியாது, அம்மா. சிஸ்டருக்குத் தெரியாது. சிரோமணி சாருக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது என்பதுதான் இந்த மையத்தின் பலம். தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே மூன்று பேரை நியமித்திருக்கிறோம்."

ஏகநாதன் தொண்டையைச் செருமினார். "சார், ஒரு கேள்வி. தொட்டி ரொம்பி வழியுது. வெளியே போற குழாய் அடைச்சிகினு கீது. நான் குழாயத்தான் குத்துவேன். நீங்க மோட்டார மெதுவா ஓட்டுறேன்னு சொல்றீங்கோ. மெதுவா ஓட்னா மெதுவா ரொம்பும். அவ்ளோதானே?"

கஸ்தூரிரங்கனின் முகம் மலர்ந்தது. "அற்புதமான உவமை! சிரோமணி, எழுதிக்கொள்ளுங்கள். 'அறுவைச் சிகிச்சைக்காரர்கள் குழாயைக் குத்துகிறார்கள். நாம் மோட்டாரையே திருத்துகிறோம்.' டெல்லி அறிக்கையின் முதல் வரி."

அவர்கள் காட்டின இடத்தில் எல்லாம் ரவி கையெழுத்துப் போட்டான். குழந்தையை மெஷினில் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் படத்தை ஒரு உறையில் போட்டு, உறையை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பட்டு இருபத்து மூன்றாம் நம்பர் ஆனாள்.

வெள்ளிக்கிழமை அளவு நாள். பதினோரு மணிக்கு மணி அடிக்கும். நாற்பது தாய்மாரும் எழுந்து நிற்க வேண்டும். நர்ஸ் யூனிஸ் தட்டில் பச்சைத் துணி விரித்து அதன் மேல் டேப்பைக் கொண்டு வருவாள். வெளிநாட்டிலிருந்து வந்த துணி டேப்பு. திறப்பு விழா அன்று முதன்முதலாக இயக்குநரின் தலையையே அதனால் அளந்து படம் எடுத்து, 'முதல் அளவு: 57 செ.மீ.' என்று அடியில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு குழந்தையின் தலையையும் யூனிஸ் சுற்றிப் பிடிப்பாள். வேதசிரோமணி குனிந்து எண்ணைப் படிப்பார். ஒருவர் எழுதுவார், ஒருவர் எழுதினதைப் படிப்பார், ஒருவர் படித்ததைச் சரி என்பார். எந்த நேரத்திலும் யாரும் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் ஏற்படாதபடி வேலை பங்கிடப்பட்டிருந்தது.

முதல் வாரம் பட்டுவுக்கு நாற்பத்தாறு. நாலாம் வாரமும் நாற்பத்தாறு. ஆறாம் வாரம் நாற்பத்தைந்தே முக்கால். ரவி அன்று வீட்டுக்கு வரும்போது பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தான்.

ஏகநாதன் அதைத் தொடவில்லை. அவரிடம் வேறொரு கணக்கு இருந்தது. போர்வெல் மோட்டாருக்குச் சுற்றுகிற, பிளாஸ்டிக் உறை போட்ட செம்புக் கம்பி வீட்டில் ஒரு சுருள் கிடந்தது. மையத்துக்குப் போன முதல் வெள்ளிக்கிழமையே அதில் ஒரு துண்டைப் பட்டுவின் தலையைச் சுற்றிப் பதமாக வளைத்து, முனை தொடுகிற இடத்தில் வெட்டி ஆணியில் மாட்டினார். வாராவாரம் ஒரு வளையம். ஆறாம் வாரம் முதல் வளையத்தை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தார். சேரவில்லை. இரண்டு முனைக்கும் நடுவில் அவருடைய பெருவிரல் புகுந்தது.

"ரவி, இங்க வா. இத்தப் பாரு."

"நைனா, பேஜார் பண்ணாத. அவுங்க மூணு பேரு பாத்து எழுதுறாங்கோ. நீ மோட்டார் கம்பிய வெச்சிகினு பேசுறே."

"கம்பி பொய் சொல்லாதுடா."

"டேப்பு மட்டும் சொல்லுமா? ஃபாரின் டேப்பு!"

எட்டாம் வாரம் பட்டு குடித்த பாலையெல்லாம் பீறிட்டுக் கக்கினாள். ஒன்பதாம் வாரம் கண்கள் இறங்கிவிட்டன. கருவிழி பாதி கீழ் இமைக்குள் போய், மேலே வெறும் வெள்ளை தெரிந்தது. கையைத் தட்டினாலும் மேலே பார்க்கவில்லை. அங்காளம்மாள் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஏகநாதனும் பின்னாலேயே போனார்.

வேதசிரோமணி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படிவத்தைப் பார்த்தார். வாந்தியை 'உணவில் ஆர்வமின்மை' என்று போட்டார். கண்ணுக்குக் கட்டம் தேடினார். 'நடத்தை' என்று ஒன்று இருந்தது.

"குழந்தை கீழேயே பார்க்கிறது. வெட்கம் என்று போடலாம். பெண் குழந்தைதானே?"

"வெக்கமா?" அங்காளம்மாள் குழந்தையை அவர் முன்னால் நீட்டினாள். "சார், அஞ்சு நாளா எம் மொகத்த அது பாக்கல சார்."

"வெட்கம், அதிகம்" என்று திருத்தி எழுதினார் அவர்.

வராந்தாவில் யூனிஸ் அவர்களைத் தூணுக்குப் பின்னால் அழைத்தாள். யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஐயா, கண்ணு இப்படி இறங்கினா இனிமே காத்திருக்கக் கூடாது. எங்க அண்ணன் பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார். அந்த ஸ்கேன் படத்தோட போனா ரெண்டு நாள்ல எடுத்துப்பாங்க. படம் இல்லாம போனா மறுபடி ஸ்கேனுக்குப் பேர் எழுதி ரெண்டு மாசம் உக்காரணும். இந்தக் குழந்தைக்கு ரெண்டு மாசம் கிடையாது."

ஏகநாதன் வேதசிரோமணியிடம் திரும்பினார். "சார், பட்டு பேர அடிச்சிட்டு அந்தப் படத்தக் குடுங்கோ. நாங்க போய்க்கிறோம்."

"பேரை அடிப்பதா? விலகலுக்கு ஒரு குழு இருக்கிறது. அடுத்த மாதம் கூடும். ஆனால் உங்கள் மனு நிற்காது. குணமாகிவரும் குழந்தை ஆய்விலிருந்து விலக முடியாது. இருபத்து மூன்றாம் நம்பர் அரை சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது."

"கொறையாத கொழந்த வெலகலாமா?"

"அப்படி ஒரு குழந்தை எங்கள் பதிவேட்டில் இல்லையே."

"அப்போ எப்பத்தான் படம் கைக்கு வரும்?"

"பூரண குணம் அடைந்தால். நாற்பத்து நாலுக்குக் கீழே வந்துவிட்டால் அன்றைக்கே விடுவிப்பு. சான்றிதழ், சால்வை, படம், எல்லாம் கையில் தந்துவிடுவோம்." சற்று யோசித்துச் சேர்த்தார்: "இதுவரை அப்படி யாரும் அடையவில்லை. ஆனால் விதி தயாராக இருக்கிறது."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஏகநாதனின் கண் வராந்தாவுக்குப் போயிருந்தது. அங்கே கொடியில் கிளிப் போட்டு டேப்பு தொங்கியது. தினமும் அதை வெந்நீரில் கொதிக்கவைப்பார்களாம், கிருமி போக. கொதித்தால் சுருண்டுகொள்கிறது என்று கீழ்முனையில் அரைக்கிலோ எடைக்கல்லைக் கட்டிக் காயவைத்திருந்தார்கள். அவர் எத்தனை கிணற்றில் வாளி இறக்கியிருக்கிறார்! நனைந்து நனைந்து பாரம் இழுக்கிற கயிறு மூன்று மாதத்தில் ஒரு முழம் நீளும். அதற்கு ஏற்ப உருளையிலிருந்து ஒரு சுற்றுக் குறைப்பார்கள். இங்கே குறைக்க யாரும் இல்லை. டேப்பு நீண்டுகொண்டே போகிறது. அதன் மேல் உள்ள எண்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. தலை பெருக்கப் பெருக்க எண் குறைகிறது.

சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்த வளையக் கொத்தை எடுத்துக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்குள் போய்விட்டார்.

"சார், உங்க டேப்பு நீண்டுடிச்சி."

கஸ்தூரிரங்கன் சிரித்தார். "பெரியவரே, அது நாற்பது குழந்தைகளை எட்டு மாதமாகத் தவறாமல் அளந்த டேப்பு."

"அதான் சொல்றேன். தெனம் வேக வெச்சிக் கல்லக் கட்னா நீளாதா? நம்பலேன்னா உங்க தலையவே அளந்து பாருங்கோ. அதோ போட்டோவுல அம்பத்தேழுன்னு எழுதியிருக்கீங்களே."

இயக்குநருக்குத் தன் தலையின் மேல் நம்பிக்கை அதிகம். அளக்கச் சொன்னார். யூனிஸ் டேப்பைச் சுற்றினாள். வேதசிரோமணி குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"எவ்வளவு?"

"ஐம்பத்து மூன்றரை, சார்."

 ஏகநாதன் வளையக் கொத்தை மேஜைமேல் வைத்தார். இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? படம் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தார்.

வேதசிரோமணி மெல்லக் கேட்டார்: "சார்... தாங்கள் தவறுதலாக மருந்து ஏதாவது அருந்தினீர்களா?"

கஸ்தூரிரங்கன் இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்தார்.  பிறகு பழைய குரல் திரும்பி வந்தது.

"சிரோமணி, ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அறிவியலுக்கு முக்கியம் சீரான தன்மை. எட்டு மாதம் ஒரே டேப்பு. இப்போது வேறு டேப்பை எடுத்தால், நாற்பது குழந்தைகளின் தலையும் ஒரே நாளில் பெருத்துவிடும். அந்த வேதனையைத் தாய்மார்களுக்கு நாம் கொடுக்கலாமா? டெல்லிக் குழு வருகிற நேரத்தில்? இந்த மையத்தைப் பொறுத்தவரை சென்டிமீட்டர் என்பது இந்த டேப்பில் உள்ளதுதான். வெளியே புழங்குகிற சென்டிமீட்டருக்கு நாம் பொறுப்பல்ல." ஏகநாதன் பக்கம் திரும்பினார். "அந்தக் கம்பிகளைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிடுங்கள். ரூல் நம்பர் நாலு."

அன்று மாலை ரவி பட்டறையிலிருந்து வந்ததும் அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே தொட்டில் அருகில் போய்க் குனிந்தான். கையில் இருந்த சாவிக்கொத்தைக் குழந்தை முகத்துக்கு மேலே ஆட்டினான். இன்னும் வேகமாக ஆட்டினான். கண்கள் கீழேயே கிடந்தன.

"நைனா" என்றான். சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அழுவாத. வெள்ளிக்கெழம எங்கூட வா. லீவு சொல்லிடு. மாத்துத் துணி, பால் புட்டி எல்லாம் எடுத்துக்கோ. நேரா பட்டணம் போறோம்."

"படம்?"

"படத்த அவுங்களே குடுப்பாங்கோ. சால்வையோட."

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்கெல்லாம் ஏகநாதன் வராந்தா பெஞ்சில் இருந்தார். காவலாளி பையைக் கிளறினான். துண்டு, வெற்றிலை, இரண்டடிப் பைப் ரிஞ்சு. ரிஞ்சில் எண் எதுவும் இல்லை, ஆகவே அது அளவுகோல் இல்லை, விட்டுவிட்டான்.

பத்து மணிக்கு யூனிஸ் டேப்பைக் கொதிநீரிலிருந்து எடுத்து, ஆவி பறக்கக் கொடியில் போட்டு, அடியில் எடைக்கல்லைக் கட்டினாள். ஏகநாதன் எழுந்தார். கல்லை அவிழ்த்துப் பெஞ்சில் வைத்தார். பையிலிருந்து ரிஞ்சை எடுத்தார். யூனிஸின் வாய் திறந்தது. அவர் அவளையே பார்த்தார். அவள் மெதுவாக வேறு பக்கம் திரும்பி, மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கையை ரொம்பக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

மூன்றரைக் கிலோ ரிஞ்சு டேப்பில் தொங்கியது. கிளிப் முனகியது. துணி விறைத்து, நூல்கள் நெறிபடுகிற சத்தம் அவர் காதில் கேட்டது. அறுந்தால் எல்லாம் போச்சு. புது டேப்பு வாங்க ஒரு குழு கூடும். அது கூடுவதற்குள் குழந்தை இருக்காது. அவருக்கு உள்ளங்கை வேர்த்தது. பம்பு ராடைப் பிடித்து முப்பது வருஷம் வேர்க்காத கை. இயக்குநர் அறைக் கதவு ஒருமுறை திறந்தது. வேதசிரோமணி வெளியே வந்தார், வராந்தாவைப் பார்த்தார். ஏகநாதன் கொடிக்கு முன்னால் நின்று துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"அங்கே என்ன?"

"வெத்தல போட்டுகினு கீறேன் சார்."

"துப்பக்கூடாது. ரூல் நம்பர் ஒன்பது." கதவு மூடிக்கொண்டது.

மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ரிஞ்சை எடுத்துவிட்டுக் கல்லைக் கட்டினார். டேப்பு மெலிந்து, வெளுத்து, ஓரம் சுருண்டு நின்றது.

மணி அடித்தது. நாற்பது தாய்மாரும் எழுந்தார்கள். வந்த வரிசைப்படி பட்டுவின் முறை முதலில் வந்தபோது அங்காளம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். யூனிஸ் டேப்பைச் சுற்றிப் பிடித்தாள். வேதசிரோமணி படித்தார்.

"நாற்பத்து மூன்று... புள்ளி எட்டு."

எழுதுகிறவர் எழுதினார். படிக்கிறவர் படித்தார். சரி என்கிறவர் சரி என்றார். அதற்குப் பிறகுதான் நாலு பேருக்கும் விஷயம் உறைத்தது.

"பூரண குணம்!" என்று கூவினார் வேதசிரோமணி.

அதோடு நிற்கவில்லை. அடுத்தடுத்து வந்த குழந்தைகளும் குணமானார்கள். பன்னிரண்டு மணிக்குள் பதினோரு பேர் பூரண குணம். ஒரு குழந்தை ஏழு நாளில் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அது எப்படி என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. லோகநாதன் பையனும் அந்தப் பதினோரு பேரில் ஒருவன். டெய்லர் தரையில் விழுந்து இயக்குநர் காலைத் தொட்டான். கஸ்தூரிரங்கன் நாற்காலிமேல் ஏறாத குறையாக நின்று பேசினார்.

"இன்று மருத்துவ வரலாற்றில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலர் நம்மிடம் ஆதாரம் கேட்டார்கள். நாம் பொறுமையாக இருந்தோம். ஆதாரம் நம்மைத் தேடி வந்துவிட்டது! சர்க்கரைத் தண்ணீர் குடித்த குழந்தைகளும் இதில் இருக்கிறார்கள் என்று தெரியவருகிறது. அப்படியென்றால் நம் மருந்தின் வீரியம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள், குடிக்காதவர்களையும் குணப்படுத்துகிறது!"

கைதட்டினார்கள். பட்டுவுக்குச் சால்வை போட்டார்கள். பட்டு சால்வைமேல் கக்கினாள். போட்டோ எடுப்பவர், துடைத்துவிட்டு இன்னொரு தடவை என்றார். பெரியவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று இயக்குநர் கேட்டுக்கொண்டார்.

"படத்தக் குடுங்கோ" என்றார் ஏகநாதன். சரியாக இரண்டு வார்த்தை.

பீரோ திறந்தது. உறை கைக்கு வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உள்ளே படம் இருக்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே அவர் கால் நகர்ந்தது. வாசலில் யூனிஸ் ஒவ்வொரு தாயின் காதிலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தாய்மார் முகம் மாறி, உறையை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். லோகநாதனிடம் ஏகநாதனே சொன்னார்.

"தம்பி, இது கொணம் இல்ல. நான்தான் டேப்ப இழுத்துட்டேன். பையனத் தூக்கிகினு எங்ககூட ரயிலுக்கு வா."

லோகநாதன் சான்றிதழை விரித்துக் காட்டினான். "முத்திரை கீது பெரியவரே. உங்க பேத்திக்குக் கொணமானா என் புள்ளைக்கு ஆவக்கூடாதா? இன்னா பொறாமை!"

அதற்குமேல் நிற்க நேரமில்லை. ரவி குழந்தையோடு ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பெரிய ஆஸ்பத்திரியில் டியூபு வைத்தார்கள். வெளியே பெஞ்சில் நாலு மணி நேரம் ரவி தன் கையிரண்டையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். புதன்கிழமை உச்சித்தலை பள்ளமாக இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்காளம்மாள் குனிந்தபோது, பட்டு கண்ணை உயர்த்தி அவள் மூக்குத்தியைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தது மையத்தின் ஒன்பதாம் நம்பர். எதிரே முப்பத்தாறு. எண்ணிப் பார்த்தார் ஏகநாதன். பதினோரு பேரில் பத்துப் பேர் வந்திருந்தார்கள். டெய்லர் மட்டும் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் சேலையூரில் தேடினார். கடை பூட்டியிருந்தது, மாமியார் ஊருக்குப் போய் மாதம் ஆகப்போகிறது, எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள்.

நாற்பதாம் நாள் ஒரு கார்டு வந்தது. 'பூரண குணமடைந்தோர் தொடர் பரிசோதனை. வராதவர்கள் குணம் ரத்து செய்யப்படும்.' ரவி கிழித்துப் போடச் சொன்னான். ஏகநாதன் கிழிக்கவில்லை. டெய்லருக்கும் இந்தக் கார்டு போயிருக்கும். பட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மையத்தின் முகப்பில் பட்டுவின் படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. அதன் கீழே கண்ணாடிப் பேழையில் அந்த டேப்பு, ஓய்வு பெற்றுப் படுத்திருந்தது. கஸ்தூரிரங்கன் குழந்தையைப் பார்த்துப் பரவசப்பட்டார்.

"பாருங்கள், என்ன தெளிவான பார்வை! இதுதான் பதினேழாம் நம்பர்."

ஏகநாதன் பட்டுவின் தலையைத் திருப்பி, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் கயிறுபோல் இறங்குகிற டியூபைக் காட்டினார். "இது இன்னா நம்பர் சார்?"

வேதசிரோமணி படிவத்தைப் புரட்டினார். "அதற்குக் கட்டம் இல்லை. 'பிற' என்பதில் போட்டுக்கொள்கிறேன்."

"இப்போதாவது எங்கள்மேல் நம்பிக்கை வந்ததா பெரியவரே?" என்றார் இயக்குநர்.

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பின்னால், குணம் ரத்தாகும், கையெழுத்து வேண்டும் என்று குரல்கள் வந்தன. அவர் திரும்பவில்லை.

வாசலில் லோகநாதன் நின்றிருந்தான். பையன் தோளில் துவண்டு கிடந்தான். கண் இரண்டும் இறங்கியிருந்தன. டெய்லர் கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றிக் காவலாளியிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

"குடுக்காத" என்றார் ஏகநாதன். "அளந்து பாரு."

"பெரியவரே, சர்ட்டிபிகேட்ல..."

"ஊர்ல எல்லார் இடுப்பையும் அளக்குறே. உம் புள்ள தலைய ஒரு தபா அளந்து பாருடா."

காவலாளி விசிலைத் தேடினான். லோகநாதனின் கை பழக்கத்தில் தானாகவே சுற்றியது. எண்ணைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து சான்றிதழை எடுத்து அதையும் பார்த்தான். ஐம்பத்திரண்டு. நாற்பத்து மூன்று புள்ளி ஆறு. கேட்டான்: "இதுல எது சரி பெரியவரே?"

"எங்கிட்ட ஏன் கேக்குறே? எத்தையும் நம்பாத. என்னையும் நம்பாத. புள்ள மொகத்தப் பாரு."

சொல்லிவிட்டு நடந்தார். இனி அவன் வந்தால் வரட்டும். இழுத்துக்கொண்டு போக அவன் பம்பு ராடு இல்லை. பட்டணம் போகிற பதினொன்று இருபது வண்டி சானடோரியம் ஸ்டேஷனுக்கு வருகிற நேரம். பட்டு அவர் தோளுக்கு மேல் தலையை நிமிர்த்திப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு வந்தாள். ரயில்வே கேட் அருகே வந்தபோது அவள் கையை ஆட்டிச் சிரித்தாள். அப்புறம்தான் அவர் காதில் விழுந்தது, தார் ரோட்டில் ரப்பர் செருப்பு படபடவென்று ஓடி வருகிற சத்தம்.

ஏகநாதன் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினார்.